ஓடு உடையாத முட்டை

மீனு சமையலறைத் தரையில் உட்கார்ந்து கேக்கைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

தின்பதற்காகப் பிய்க்கவில்லை. கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி, துண்டை உதிர்த்து, உதிர்ந்ததைத் தட்டில் பரப்பி, எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பின்பக்கத் தகரக் கொட்டகையின்மேல் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. வீடு முழுக்கக் கோகோ வாசனை.

கடைசியில் ஆள்காட்டி விரல் நுனியில் ஒன்றை ஒட்டியெடுத்து என்னிடம் நீட்டினாள். கறுப்பாக, மயிரிழை போல ஒரு நார். வாழைப்பழத்தின் நடுவில் ஓடுமே, அது.

"அப்பா, இதுல கேலா போட்டியா?"

கேலா என்றால் வாழைப்பழம். போர்ட் பிளேரில் வளரும் பிள்ளைகளுக்குப் பாதிச் சாமான்களின் பெயர் இந்தியில்தான் வாயில் வரும்.

"இல்லடா," என்றேன்.

அவளுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. நாரை முகர்ந்து பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஜூட்," என்றாள். பொய்.

அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. தட்டை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். அந்த ஒரு 'இல்லடா' எங்கள் வீட்டில் என்னென்ன செய்தது என்பதைத்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன்.

கடல் தாண்டி வந்த ஆப்பிள்

அந்த வருடம் என் மனைவி செல்விக்குத் திக்லிபூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வந்திருந்தது. அவள் நர்ஸ். திக்லிபூர் என்பது வடக்கு அந்தமானில், பஸ்ஸில் கிட்டத்தட்ட ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும் தூரம். மீனுவை அப்போதுதான் இங்கே எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தோம். எனக்கோ ஹேடோ துறைமுகத்தில் வேலை. மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல்களில் இறங்கும் சரக்கைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு வருடம்தானே, மீனு என்னோடு இருக்கட்டும் என்று முடிவு செய்தோம்.

முடிவெடுத்தபோது யாரும் சாப்பாட்டைப் பற்றி யோசிக்கவில்லை.

மீனு சாப்பிடுகிறவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். தயிர்ச்சோறு. தோசை, அதுவும் முறுகலான ஓரம் மட்டும். அவித்த உருளைக்கிழங்கு. அவித்த முட்டை. கடைத்தெரு பேக்கரியில் விற்கும் இனிப்பு பன். அவ்வளவுதான். செல்வி இருந்தவரை கதை சொல்லி, காக்கா காட்டி, எப்படியோ இரண்டு வாய் கூடுதலாக இறங்கும். அவள் போன பிறகு அதுவும் நின்றது.

பழம் மட்டும் ஆகவே ஆகாது. பார்ப்பாள், தொடுவாள், தோலை உரித்து எனக்குக் கொடுப்பாள். நாக்கில் பட்டால் போதும், அடிவயிற்றிலிருந்து ஓங்கரிப்பாள்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் பழம் சாப்பிடுவதற்கென்றே ஒரு இடைவேளை. எல்லாப் பிள்ளைகளும் ஒரு சின்ன டப்பாவில் பழம் கொண்டுவர வேண்டும். நானும் வெட்டிக் கொடுத்தனுப்புவேன். ஆப்பிள் துரு ஏறின ஆணி மாதிரி நிறம் மாறித் திரும்பி வரும். ஆரஞ்சுச் சுளைகள் வெளியே காய்ந்து, உள்ளே வெதுவெதுப்பாகத் திரும்பி வரும். மூடியைத் திறந்தாலே புளிப்பு வாசனை ஒன்று அடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்குத் தோள்பட்டை தானாக இறங்கிவிடுகிறது.

தூக்கிப் போட மனசு வராது. கப்பல் வராமல் காய்கறிக் கடைகள் காலியாகக் கிடந்த நாட்களைப் பற்றிச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அந்த ஆப்பிள் பெட்டிகள் மூன்று நாள் கடலில் ஆடி, ஹேடோவில் என் கண்ணெதிரே இறங்குவதைப் பார்க்கிறவன் நான். ஒவ்வொரு பழத்தையும் மெல்லிய தாளில் சுற்றி, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவருகிறார்கள். அதைக் குப்பையில் எப்படிப் போடுவது?

அதனால் நானே தின்றேன். காலையில் மீனுவின் முந்தின நாள் பழம், மாலையில் அன்றைய பழம். ஒரு கட்டத்தில் என்னாலும் முடியவில்லை. ஃபிரிட்ஜில் சிறு சிறு கிண்ணங்கள் சேர ஆரம்பித்தன.

அந்தச் சமயத்தில்தான் குழந்தை மருத்துவர் மீனுவின் எடையைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வயதுக்குக் குறைவு, இரத்தமும் குறைவு என்றார். டானிக் எழுதிக் கொடுத்தார். அதைப் போனில் செல்வியிடம் சொன்னேன். அடுத்த தடவையும் எடை ஏறவில்லையென்றால் பிள்ளையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னாள். அவளுக்கு இரவுப் பணியும் உண்டு. அந்த ஊரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சுனிதா கொடுத்த அடுப்பு

பக்கத்து வீட்டில் சுனிதா குடும்பம். அவள் தாத்தா காலத்தில் ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்காக இங்கே வந்தவர்கள். சுனிதாவின் கணவர் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை பார்த்தார். என் வயதுதான் அவளுக்கும் இருக்கும். ஒருநாள் ஏதோ கேட்க வந்தவள், என் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"பாய், இது ஃபிரிட்ஜா, கோயில் பிரசாத டப்பாவா?" என்று இந்தியில் கேட்டாள். பாய் என்றால் அண்ணன்.

கேக் செய்து பார்க்கச் சொன்னவள் அவள்தான். கல்யாணத்துக்கு வந்த, கேக் சுடுகிற மின்சார அடுப்பு ஒன்று அவள் வீட்டு பீரோவின்மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. அதை நானும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு வந்து என் சமையல் மேடையில் வைத்தோம்.

எனக்கு அதுவரை சாதம் வடிக்கவும் தோசை சுடவும் சாம்பார் கூட்டவும் மட்டும்தான் தெரியும். போனில் வீடியோ பார்த்துச் செய்த முதல் கேக் மேலே கரி, உள்ளே களி. இரண்டாவது கேக்கின் நடுவே கரண்ட் போய்விட்டது. அது சப்பாத்தி மாதிரி அமுங்கிப்போனது. மூன்றாவதற்கு, கறுத்துப்போன வாழைப்பழம் நான்கைக் கையால் பிசைந்து போட்டு, நிறம் தெரியாமலிருக்க இரண்டு கரண்டி கோகோ பவுடரையும் சேர்த்தேன். அது எழும்பியது.

மீனு வாசனைக்கு வந்து நின்றாள். என்ன இது என்று கேட்டாள். சாக்லேட் கேக் என்றேன். ஒரு துண்டு தின்றாள். இன்னொன்று கேட்டாள்.

நான் பின்வாசலுக்குப் போய், கொடியில் காய்ந்திருந்த துணிகளை எடுக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உடனே செல்விக்கு வீடியோ கால். என்ன போட்டேன் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன். செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல வாரம் ஆகியிருந்தது.

"சரியான திருட்டு வேலைங்க," என்றாள். "ஆனா நடக்கட்டும்."

நடந்தது. ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்தது. ஆப்பிளைத் துருவிப் போட்டேன். சப்போட்டாவை மசித்துப் போட்டேன். பின்கட்டில் நின்ற மரத்துப் பப்பாளியை வேகவைத்துக் கூழாக்கிப் போட்டேன். எல்லாவற்றுக்கும் கோகோ ஒரு போர்வை. வாரம் இரண்டு கேக். அலுவலகத்தில் மற்றவர்கள் கப்பல் வரவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பேக்கிங் சோடாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். இவ்வளவு பெருமையாக நான் வேறு எதையும் செய்ததில்லை.

கால்சட்டைப் பை

இங்கே ஒரு பழைய கதை.

நான் சிறுவனாக இருந்தபோது நாங்கள் போர்ட் பிளேரில் ஜங்லிகாட் என்ற பகுதியில் குடியிருந்தோம். என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவர். சோற்றை வீணாக்கினால் அவருக்குக் கண் சிவந்துவிடும். எனக்குப் பாகற்காய் இறங்காது. இறங்கும்வரை தட்டுக்கு முன்னால் உட்கார வேண்டும். கையில் அகப்பையோடு அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். எனவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் தலை திரும்பும்போது துண்டுகளை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். பிறகு சாக்கடையோரம் போய்ப் பையை உதறுவேன்.

துணி துவைக்கிற அம்மாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பையின் உள்துணி எண்ணெயும் மஞ்சளுமாக இருக்கும். அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பையை வெளியே இழுத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயப்போட்டுவிடுவார்.

எனக்குப் பிள்ளை பிறந்தபோது, சாப்பாட்டுக்காக அதன்மேல் கை வைப்பதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். அடிக்கவில்லை என்பதாலேயே நான் நல்ல அப்பா என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பி ஃபார் பனானா

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, மீனுவை மறுபடி மருத்துவரிடம் காட்டினேன். எடை ஏறியிருந்தது. அவர் எப்படி என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து நாற்காலியில் மீனு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புரியாமலிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் அளந்தேன். ஆப்பிள் என்றேன், பனானா என்றேன், பப்பாயா என்றேன், கேக் என்றேன்.

எல்.கே.ஜி.யில் முதலில் சொல்லிக்கொடுப்பதே இவற்றைத்தான் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

ஆகவே மறுநாள் அவள் கேக்கைக் கிளறினாள். கண்டுபிடித்தாள். நான் இல்லை என்றேன். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அவள் கைகழுவிவிட்டு வந்ததும் நான் வாதாட ஆரம்பித்தேன். நீ ஆசையாகத் தின்கிறாயே பேக்கரி பன், அதில் சிவப்பும் பச்சையுமாகத் துண்டு துண்டாக இருக்கிறதே, அது என்ன தெரியுமா, பப்பாளிக்காயைச் சீனிப்பாகில் ஊறவைத்துச் சாயம் போட்டதுதான், அதைத் தின்று உனக்கு என்ன ஆகிவிட்டது என்றேன்.

அன்றோடு பன்னும் போனது.

திங்கட்கிழமை காலையில் தோசை வைத்தேன். திருப்பிப் பார்த்தாள், முகர்ந்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். வேண்டாம் என்றாள். மத்தியானம் தயிர்ச்சோறு. கரண்டியால் கிளறினாள். வேண்டாம். உருளைக்கிழங்கைத் தோலுரித்து மசித்து வைத்தேன். வேண்டாம்.

"உன் கண் முன்னாடிதானே மசிச்சேன்?" என்றேன்.

"அடுப்புல வெச்சப்போ நான் பாக்கல," என்றாள்.

பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டாள். ஏற்கெனவே பிரித்திருந்த பாக்கெட்டைத் தொடவில்லை. புதுசாகப் பிரிக்க வேண்டும், அதையும் அவளே பிரிக்க வேண்டும். மாலையில் தெருமுனையில் இளநீர் கேட்டாள். கடைக்காரர் சீவுவதைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டுக் குடித்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு முட்டை அவித்து, உரித்து, உப்பு மிளகு தூவி வைத்தேன். தட்டைத் தள்ளிவிட்டாள்.

"தோலோட குடு."

ஓடு உடையாத முட்டை ஒன்றைக் கையில் கொடுத்தேன். சுவரில் தட்டி, அவளே உரித்து, முழுசாகத் தின்றாள்.

இது எனக்குப் புரிய மூன்று நாள் ஆயிற்று. பிஸ்கட், இளநீர், முட்டை. என் பிள்ளை என் கை படாத சாப்பாடாகத் தேடித் தின்றுகொண்டிருந்தாள்.

புரிந்தபோது நான் ஹேடோவில், மழையில் நனைந்த சாக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்த பட்டியலில் எந்த வரியில் இருந்தேன் என்பதே மறந்துபோயிற்று. பக்கத்தில் நின்றவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

செல்வியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. தினமும் போனில் சாப்பிட்டாளா என்று கேட்பாள். சாப்பிட்டாள் என்பேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொன்று. வியாழக்கிழமை மீனுவே சொல்லிவிட்டாள்.

"அம்மா, அப்பா சாப்பாட்டுல கலக்குறாரு."

செல்வி போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"நானும்தானே சிரிச்சேன்," என்றாள் செல்வி. "எனக்கும் பங்கு இருக்குங்க. வார்டுல பாக்குறேன்ல, கசப்பு மருந்தைப் பால்ல கலந்து குடுத்துருவாக. ரெண்டு நாள் குடிக்கும். மூணாம் நாள் மருந்தையும் விட்டுரும், பாலையும் விட்டுரும். இது தெரிஞ்சும் சிரிச்சேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"என்னத்தை?"

"பொய் சொன்னதை. மொதல்ல அதைச் சொல்லுங்க. சாப்பாடு அப்பறம். ரெண்டு வாரம் பாப்போம். சரியாகலைன்னா நான் லீவு போட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்."

விசாரணை

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளைப் பின்வாசல் படியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். என் அலுவலகத்தில் பெரிய அதிகாரிகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படி வார்த்தைகளை மனசுக்குள் ஒத்திகை பார்த்ததில்லை.

"மீனு, அன்னிக்கு அப்பா பொய் சொன்னேன். அந்தக் கேக்குல வாழைப்பழம் இருந்துச்சு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. செருப்பின் வாரைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி செஞ்சதுல?"

"அதுலயும் பழம் இருந்துச்சு. எல்லாத்துலயும்."

"தோசையில?"

"தோசையில இல்ல."

"தயிர்ல?"

"இல்ல."

அப்படியே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனாள். உருளைக்கிழங்கில், உப்பில், தண்ணீர் பாட்டிலில், பல் தேய்க்கும் பேஸ்ட்டில். டானிக்கில் ஆரஞ்சு வாசனை வருகிறதே என்றாள். ஓடிப்போய் பாட்டிலைக் கொண்டுவந்து, மேலே எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்து, வாசனைக்கு மட்டும்தான் ஏதோ சேர்த்திருக்கிறார்கள், பழம் இல்லை என்று சொன்னேன். பிஸ்கட்டைப் பற்றிக் கேட்டாள். அந்த உறையையும் படித்தேன். ஹேடோவில் சரக்கு சரிபார்க்கிறபோதுகூட இவ்வளவு நிதானமாக நான் எதையும் படித்ததில்லை. முடிக்கும்போது இருட்டிவிட்டது. எங்கள் ஊரில் ஐந்து மணிக்கே சூரியன் போய்விடும்.

கடைசியாக ஏன் என்று கேட்டாள்.

"நீ சாப்பிடலையேன்னு பயந்துட்டேன்."

"எனக்கும்தான் பயம்," என்றாள். "பழம் உள்ள வழவழன்னு இருக்கு. வாய்க்குள்ள உசுரோட இருக்கிற மாதிரி இருக்கு."

அதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுபடி வாதமாகியிருக்கும். சரி என்று மட்டும் சொன்னேன்.

அன்று இரவு அவள் தயிர்ச்சோறு தின்றாள் என்று எழுத ஆசைதான். தின்னவில்லை. அன்றும் ஓட்டோடு முட்டைதான். அதற்கு மறுநாளும் அதேதான்.

மூன்றாம் நாள் அவளைச் சமையல் மேடையில் தூக்கி உட்கார வைத்துக்கொண்டு கேக் செய்தேன். பழம் இல்லாத கேக். மாவு அவள் கையைத் தாண்டித்தான் கிண்ணத்துக்குப் போனது. முட்டையை அவள்தான் உடைத்தாள். ஓட்டுச் சில்லுகளையும் அவளே பொறுக்கினாள். மின்சார அடுப்பின் கண்ணாடிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, கேக் எழும்பி முடியும்வரை காவல் இருந்தாள். ஆறினதும் ஒரு துண்டு வெட்டினாள். உதிர்த்துப் பார்க்கவில்லை. தின்றாள்.

அடுத்த நாள் தோசைக்கு, நான் மாவு கரைக்கும்போது வந்து எட்டிப் பார்த்தாள். அதற்கடுத்த நாள் பார்க்காமலே தின்றாள். தயிர்ச்சோற்றுக்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது. செல்வி சொன்ன இரண்டு வாரம் முடிந்தபோது நான் அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சரி, அங்கேயே இருக்கட்டும் என்றாள். இரண்டாவது தடவை பொய் சொல்லாததற்காக நன்றி என்றும் சொன்னாள். எது முதலாவது என்று நான் கேட்கவில்லை; தினமும் போனில் சாப்பிட்டாள் என்று சொன்னதுதான் அது.

பழ டப்பா மட்டும் திரும்பி வந்துகொண்டேதான் இருந்தது. பழக் கேக்கும் தொடர்ந்தது, ஆனால் அது மற்றவர்களுக்கு. விசித்திரம் என்னவென்றால், வாயில் தாங்க முடியாத பழத்தை மீனுவால் கையில் தாங்க முடிந்தது. வாழைப்பழத்தைப் பிசைகிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். முழங்கைவரை அப்பிக்கொண்டு பிசைவாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சுனிதா வீட்டுக்குப் போய், கொடுப்பதற்கு முன் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றும் சேர்த்துக்கொள்வாள். சுனிதா ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவாள்.

எடை அந்த மாதம் கொஞ்சம் இறங்கியது. மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன், இந்தத் தடவை மீனுவுக்குப் புரிகிற தமிழிலும் இந்தியிலும். அவர் சிரித்துவிட்டு, இவள் சின்ன உருவமாகவே வளரலாம், ஓடி ஆடுகிறாள் அல்லவா, பார்த்துக்கொள்வோம் என்றார். பிறகு மெல்ல மெல்ல ஏறியது.

திக்லிபூரில் ஒரு காலை

பள்ளிக்கூட விடுமுறைக்கு மீனுவைக் கூட்டிக்கொண்டு திக்லிபூர் போனேன். விடியுமுன் பஸ். முந்தின நாளே இருவருமாக ஒரு பப்பாளிக் கேக் செய்து எவர்சில்வர் டப்பாவில் அடைத்திருந்தோம். பஸ்ஸையே படகில் ஏற்றிக் கடலைக் கடக்கும் இடத்தில், பக்கத்து ஸீட் பெங்காலி அம்மாளுக்கு ஒரு துண்டு கொடுக்க வேண்டும் என்றாள் மீனு. கொடுத்தாள், பட்டியலோடு. அந்த அம்மாள் சர்க்கரை வியாதி என்று சொல்லி, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மீனுவுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. மூடியை மூடிவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

நாங்கள் போய்ச் சேரும்போது செல்வி இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மகளைக் கட்டிக்கொள்ளத்தான் நேரம் இருந்தது. காலையில் திரும்பி வந்து, முகம் கழுவி, ஈரக் கையோடு பாயில் உட்கார்ந்தாள். மீனு டப்பாவைத் திறந்து, பெரிய துண்டாக வெட்டி, தட்டில் வைத்து நீட்டினாள்.

"அம்மா, இதுல மைதா, சீனி, நாலு முட்டை, அப்பறம் பப்பாளி இருக்கு. பிடிக்கலைன்னா வேணாம்னு சொல்லலாம்."

செல்வி தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்குப் பப்பாளி பிடிக்காது மீனு," என்றாள்.

பிள்ளைக்காக விளையாடுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது எட்டு வருடம். பின்கட்டு மரத்துப் பப்பாளியைத் தினமும் காலையில் நான்தான் வெட்டுவேன். ராப்பணி பார்க்கிற உடம்புக்கு நல்லது என்று எங்கோ படித்ததிலிருந்து, அவளுக்கென்று ஒரு தட்டு தனியாக எடுத்து வைப்பேன். அவள் ஒருநாள்கூட மிச்சம் வைத்ததில்லை. மிளகுத்தூள் போட்டுக்கொள்வாள். அது அவள் ருசி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சொல்லியிருக்கலாமே, செல்வி."

"நீங்க ஆசையா வெட்டிக் குடுத்தீங்க," என்றாள். "அந்த வாடை தெரியாம இருக்கத்தான் மிளகு."

மீனு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, இதில் என்ன பெரிய விஷயம் என்பதுபோல, அம்மாவின் மடியிலிருந்து தட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"சரி, உனக்கு என்ன வேணும்?" என்று செல்வியைக் கேட்டாள்.

செல்வி யோசித்தாள். வெட்கப்படுகிறவள் மாதிரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பெங்காலிக் கடை இருக்கு," என்றாள். "காலையில சூடா சிங்காடா போடுவான். டியூட்டி முடிஞ்சு வரப்போ ரெண்டு வாங்கி, நடந்துக்கிட்டே தின்னுட்டு வருவேன். தனியா."

சிங்காடா என்றால் சமோசா. அவளுக்கு அது பிடிக்கும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

மீனு ஏற்கெனவே வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். செல்வி இரவெல்லாம் விழித்த கண்ணோடு எழுந்தாள். நான் வீட்டைப் பூட்டினேன். கடையில் கூட்டமாக இருந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் மூன்று பேரும் வரிசையில் நின்றோம்.